எண்ணெய்க்கு முன் காற்று: முதுமையடைந்த தோட்ட டிராக்டர்களில் கசிவின் காரணங்களும் சீரமைப்பும்

1. பொருளும் எல்லையும்

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில், வீட்டைச் சுற்றி ஓரிரு ஏக்கர் புல்வெளி வைத்திருப்போரின் கொட்டகைகளில் ஐம்பது, அறுபது வயதான சிறு டிராக்டர்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கோடையில் புல் வெட்டுவதும், வசந்தத்தில் காய்கறித் தோட்டம் உழுவதும், குளிர்காலத்தில் முன்னால் தகடு பூட்டிப் பனி தள்ளுவதும் இவற்றின் வேலை. எல்மர் பாண்டும் அவர் மகன் செசில் பாண்டும் இந்தியானாவின் சவுத் பெண்ட் நகரில் 1946-இல் தொடங்கிய தொழிலில் உருவானது வீல் ஹார்ஸ். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961-இல் கப் கேடட்டைக் கொண்டுவந்தது. ஜான் டியர் 1963-இல் விஸ்கான்சினின் ஹோரிகானில் 110 என்ற மாதிரியோடு களமிறங்கியது. தகட்டை மடித்துச் செய்யும் இன்றைய புல்வெட்டி வண்டிகளோடு ஒப்பிட்டால் இவை வார்ப்பிரும்பும் தடித்த எஃகுமாகச் செய்யப்பட்ட உண்மையான டிராக்டர்கள். இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அதுதான்.

உயிரோடு இருக்கின்றன; ஆனால் ஒழுகுகின்றன. இத்தனை வயதான வண்டி நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை இல்லாவிட்டால்தான் ஐயப்பட வேண்டும், உள்ளே எண்ணெயே இல்லையோ என்று.

இக்கட்டுரை மேற்சொன்ன வண்டிகளில் பெருவழக்காக இருந்த கோலர் கே வரிசை ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை மையமாகக் கொள்கிறது. பின்பக்கக் கியர்ப்பெட்டியும் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷனும் அடுத்த இடத்தில் வரும். வாதம் இதுதான்: இவ்வகை எஞ்சினில் எண்ணெய்க் கசிவு என்பது பெரும்பாலும் சீலின் குற்றமன்று, கிராங்க் கேஸுக்குள் இருக்கும் காற்றின் குற்றம். காற்றைச் சரிசெய்யாமல் சீலை மாற்றுகிறவர் சில மாதங்களில் அதே சீலை மீண்டும் மாற்றுவார்.

2. எஞ்சினின் அமைப்பு: கசிவு ஏன் பொருட்படுத்தத்தக்கது

கோலர் நிறுவனத்தைக் குளியல் தொட்டிக்காகத்தான் உலகம் அறியும். 1873-இல் விஸ்கான்சினில் தொடங்கப்பட்ட அந்த வார்ப்பட ஆலை, வார்ப்பிரும்பில் தேர்ந்த கையோடு எஞ்சின் தொழிலுக்கும் வந்தது. கே-181 எட்டுக் குதிரைத்திறன், கே-241 பத்து, கே-301 பன்னிரண்டு, கே-321 பதினான்கு, கே-341 பதினாறு. எல்லாவற்றிலும் சிலிண்டரும் கிராங்க் கேஸும் ஒரே வார்ப்பு. வால்வுகள் தலைப்பகுதியில் இல்லாமல் சிலிண்டரின் பக்கத்தில் நிற்கும்.

நம் வாதத்துக்கு மிக முக்கியமான செய்தி, இவற்றில் ஆயில் பம்பு கிடையாது என்பது. கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சிறு கரண்டி போன்ற நீட்சி உண்டு. கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் அதை எண்ணெயில் முக்கி எடுத்து உள்ளெங்கும் வாரியிறைக்கிறது. பேரிங், கேம், சிலிண்டர் சுவர் எல்லாம் இந்தத் தெறிப்பில்தான் நனைகின்றன. ஆக எண்ணெயை வெளியே தள்ளக்கூடிய பம்பு அழுத்தம் இந்த எஞ்சினில் எங்குமே இல்லை. அப்படியிருந்தும் எண்ணெய் வெளியே வருகிறது என்றால் ஒன்று அது தன் எடையால் இறங்குகிறது, அல்லது காற்று அதைத் தள்ளுகிறது. மூன்றாவது வழி கிடையாது.

கசிவைக் கவனிக்க வேண்டிய காரணமும் இதே அமைப்பில் இருக்கிறது. கனெக்டிங் ராடு அலுமினியத்தால் ஆனது. கிராங்க் ஊசியின் மேல் இடையில் பேரிங் தகடு ஏதுமின்றி நேரடியாக ஓடுகிறது. கே-241 முதல் கே-341 வரை எண்ணெய்க் கொள்ளளவு இரண்டு குவார்ட், அதாவது ஏறத்தாழ 1.9 லிட்டர். மட்டம் இறங்கிக் கரண்டிக்கு எண்ணெய் எட்டாமல் போனால் அலுமினியம் எஃகில் ஒட்டிப் பிடிக்கும். ராடு முறியும். முறிந்த துண்டு வார்ப்பிரும்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவதும் உண்டு. அதற்குப் பிறகு கசிவைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

இன்னொரு தீங்கு மெதுவாக வருவது. ஃப்ளைவீல் பக்கச் சீலில் கசியும் எண்ணெயை ஃப்ளைவீல் விசிறி வாரி எஞ்சினின் குளிர்ச் சிறகுகளில் பூசுகிறது. அதன்மேல் புல்தூசி அப்பிக் காய்ந்து கம்பளம்போல் படிகிறது. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு இது மூச்சை அடைப்பது. சூடு ஏறும், ரிங்குகள் தளரும், எரிப்பறையின் வாயு (இனி எரிவாயு) கீழே இறங்கும், அதனால் கசிவு கூடும். சைலன்ஸர் அருகே எண்ணெயில் ஊறிய காய்ந்த புல் சேர்ந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து தனி.

3. கிராங்க் கேஸின் சுவாசம்

பிஸ்டன் கீழே வரும்போது அதன் அடியிலுள்ள அறையின் கொள்ளளவு குறைகிறது. மேலே போகும்போது கூடுகிறது. கே-301 எஞ்சினின் பிஸ்டன் ஒரு முறை இறங்கும்போது ஏறத்தாழ 476 கன சென்டிமீட்டர் காற்றை இடம்பெயர்க்கிறது. நிமிடத்துக்கு 3,600 சுற்று ஓடினால் நொடிக்கு 60 முறை. கணக்கிட்டால் நொடிக்கு 28 லிட்டருக்கு மேல் காற்று அந்தச் சிறு அறைக்குள் அமுக்கப்பட்டு விடுவிக்கப்படுகிறது. அறை முழுதாக மூடியிருந்தால் இந்த அமுக்கம் ஒவ்வொரு சீலையும் கேஸ்கட்டையும் நொடிக்கு 60 தடவை வெளியே தள்ளும். முழுதாகத் திறந்திருந்தால் எண்ணெய் ஆவி வெளியே போகும். தூசி உள்ளே வரும்.

இதற்கு வடிவமைப்பாளர்கள் கண்ட வழிதான் ப்ரீதர். கே வரிசையில் டேப்பெட் அறையை மூடும் பக்கத் தகட்டுக்குள் அது அடங்கியிருக்கிறது. மெல்லிய எஃகுத் தகட்டாலான ஒரு ரீட், ஒரு வடிகட்டி, சில கேஸ்கட்டுகள், மேலே ஒரு மூடி, அவ்வளவுதான். பிஸ்டன் இறங்கும்போது ரீட் திறந்து காற்றை வெளியேற்றும்; ஏறும்போது மூடிக்கொண்டு வெளிக்காற்றைத் தடுக்கும். போவதற்கு வழி, வருவதற்கு வழியில்லை. சில சுற்றுகளிலேயே உள்ளே வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம், அதாவது மெல்லிய வெற்றிடம் நிலைபெறுகிறது. இந்த வெற்றிடம் இருக்கும்வரை சற்றுத் தேய்ந்த சீலில்கூட எண்ணெய் வெளியே வருவதில்லை. வெளிக்காற்றுதான் உள்ளே போகப் பார்க்கும்.

நல்ல நிலையில் உள்ள கே வரிசை எஞ்சினில் இந்த வெற்றிடம் நீர் அளவீட்டில் 5 முதல் 10 அங்குலம் இருக்க வேண்டும். சிறிய எண்தான். ஆனால் சுழலும் தண்டைப் பிடித்திருக்கும் ஆயில் சீல் பெரும் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டதன்று. தெறிக்கும் எண்ணெயைத் தடுக்கச் செய்யப்பட்டது. வெற்றிடம் போய் அதே அளவு அழுத்தம் எதிர்த்திசையில் வந்தால்கூட வயதான சீல் தோற்றுவிடும்.

இந்த அறிவு புதியதன்று. இங்கிலாந்தின் டர்ஸ்லியில் செய்யப்பட்டு, பின்னர் ராஜ்கோட் பட்டறைகளில் ஏராளமாக நகலெடுக்கப்பட்ட மெதுவேக லிஸ்டர் டீசல் எஞ்சினிலும் கிராங்க் கேஸ் கதவில் இதே வேலையைச் செய்யும் ஒருவழி மூச்சுத் தகடு உண்டு. எஞ்சின் ஓடும்போது அது சொடுக்குவது காதில் விழும். நம் ஊர்ப் பம்புசெட் கொட்டகைகளில் அந்தத் தகடு தொலைந்துபோய்த் துணி அடைத்து ஓடிய எஞ்சின்கள் எல்லாம் ஏன் எண்ணெயில் குளித்தன என்பதற்கு விளக்கம் இங்கே இருக்கிறது.

வெற்றிடம் கெடுவதற்குரிய காரணங்கள் இரு திசைகளில் வருகின்றன. முதலாவது, வெளியேறும் வழி அடைபடுவது. ப்ரீதர் வடிகட்டி பல்லாண்டு எண்ணெய்க் கசடில் இறுகிப்போகிறது. பிரித்து மாட்டியவர் ரீட், கேஸ்கட், வடிகட்டி வரிசையை மாற்றிப் பூட்டிவிடுகிறார். இது மிகச் சாதாரணமாக நிகழ்வது. வண்டி ஐந்து கை மாறியிருந்தால் நிகழ்ந்திருக்கும் என்றே கொள்ளலாம். இரண்டாவது, வெளியேற்ற வேண்டிய வாயு மிகுவது. தேய்ந்த ரிங்குகளைத் தாண்டி எரிவாயு இறங்குகிறது. தேய்ந்த எக்ஸாஸ்ட் வால்வு கைடு வழியாகப் புகை நேரே டேப்பெட் அறைக்குள் வருகிறது. ரீட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த வரத்தை அதனால் சமாளிக்க முடியாது.

ப்ரீதரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரப்பர்க் குழாயை மாட்டி, ‘தாராளமாக மூச்சு விடட்டும்’ என்று விட்டுவிடும் பழக்கம் ஒன்று உண்டு. தாராளம் என்பது இங்கே தவறான நோக்கம். ரீட் இல்லாத குழாய் விட்ட காற்றை அப்படியே திரும்ப இழுத்துக்கொள்ளும்; வெற்றிடம் ஒருபோதும் உருவாகாது.

மற்ற எஞ்சின்களைப் பற்றி ஒரு சொல். ஜான் டியர் 318-இல் வந்த ஓனன் எஞ்சினில் இரு சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும். இரு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் உள்ளே வருவதால் காற்று இடப்பெயர்வு இரட்டிப்பாகிறது. ப்ரீதரின் பொறுப்பும் அவ்வளவு கூடும். பின்னாளைய ஓவர்ஹெட் வால்வு ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில் சிலிண்டருக்கும் புஷ்ராடு வழிக்கும் இடையில் ஹெட் கேஸ்கட் கருகினால் எரிவாயு நேரே கிராங்க் கேஸுக்குப் பாயும். புகையும் கசிவும் ஒருசேர வரும். அப்போது கீழே சீலை மாற்றுவது வீண் வேலை. மாற்ற வேண்டியது மேலே இருக்கிறது.

4. நின்றால் ஒழுகுவதும் ஓடினால் ஒழுகுவதும்

கசிவிடங்களை உறுப்பு உறுப்பாகப் பட்டியலிடுவது வழக்கம். அதைவிட, கசிவு எப்போது நிகழ்கிறது என்று வகைப்படுத்துவது அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

கே வரிசையில் எண்ணெய் மட்டம் கிராங்க் தண்டுக்குக் கீழே நிற்கிறது. எனவே எஞ்சின் ஓடாதபோது கிராங்க் சீல்களை எண்ணெய் தொடுவதே இல்லை. இரவு துடைத்துவைத்த வண்டியின் கீழே காலையில் புதிய சொட்டு இருந்தால் அது மட்டத்துக்குக் கீழேயுள்ள இடத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்: ஆயில் பேன் கேஸ்கட், வடிகால் பிளக், பேனில் விழுந்த விரிசல். கப் கேடட்டின் 1970-களின் நடுப்பகுதி மாதிரிகளில் எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கும். ரப்பர் நைந்துபோனால் எஞ்சின் குலுங்கும். பேன் போல்ட்டுகள் தளரும். சில வேளை பேனே வெடிக்கும். அங்கே கேஸ்கட்டை மட்டும் மாற்றிவிட்டுத் தாங்கிகளை அப்படியே விடுவது அரைகுறை வேலை.

ஓடும்போது மட்டும் வருவது வேறு இனம். கிராங்க் சீல்கள், கவர்னர் தண்டு வெளியேறும் துளை, டேப்பெட் மூடி, பெட்ரோல் பம்பு அமரும் இடம், பேரிங் தட்டின் கேஸ்கட் ஆகியவை இதில் அடங்கும். இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஒரே பருவத்தில் கசிவு தொடங்கினால், தனித்தனியே ஐந்து உறுப்புகள் ஒரே நேரத்தில் கெட்டன என்று நம்புவதைவிட, உள்ளே அழுத்தம் ஏறிவிட்டது என்று கொள்வதே பகுத்தறிவுக்கு ஏற்றது.

மூன்றாவதாக ஒரு போலிக் கசிவு இருக்கிறது: எண்ணெய் கூடிப்போவது. கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக மூடாவிட்டாலோ, எஞ்சின் பக்கத்தில் பொருத்திய பெட்ரோல் பம்பின் சவ்வு கிழிந்தாலோ பெட்ரோல் கிராங்க் கேஸுக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் மட்டம் தானாக உயர்ந்திருக்கும். உரிமையாளருக்கு மகிழ்ச்சி, ‘எண்ணெயே குறையவில்லை’ என்று. முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் வாடை. நீர்த்துப்போன எண்ணெய் எந்தச் சந்திலும் நுழையும். கனெக்டிங் ராடையும் காக்காது. இந்த நிலையில் எஞ்சினை ஓட்டவே கூடாது. ஆவி பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. காரணத்தைச் சரிசெய்து, எண்ணெயை முழுதாக வடித்துப் புதிதாக ஊற்றிய பிறகுதான் கசிவு உண்மையா என்றே பார்க்க வேண்டும்.

5. கண்டறிதல்

முதல் வேலை கழுவுவது. பசை நீக்கியும் தூரிகையும் கொண்டு, விசிறி உறையைக் கழற்றி, வார்ப்பிரும்பின் நிறம் தெரியும்வரை. சலிப்பான வேலைதான். ஆனால் அழுக்கின்மேல் செய்யும் எந்த நோட்டமும் ஊகமே. விசிறிக் காற்று எண்ணெயைப் பின்னாலும் பக்கவாட்டிலும் அடித்துச் செல்லும். சொட்டும் இடம் ஒன்று, பிறக்கும் இடம் வேறு. ஆகவே ஈரத்தின் மிக உயர்ந்த புள்ளியையும் மிக முன்னுள்ள புள்ளியையும் தேட வேண்டும். கழுவிக் காய்ந்த பின் சந்தேகத்துக்குரிய இடங்களில் பவுடர் தூவிப் பத்து நிமிடம் ஓட்டினால் ஈரத்தடம் கோடாகத் தெரியும். புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தை எண்ணெயில் கலந்து பார்ப்பது இன்னும் துல்லியம்.

அடுத்தது இக்கட்டுரை வலியுறுத்தும் சோதனை. தெளிந்த பிளாஸ்டிக் குழாயை ஆங்கில ‘யூ’ வடிவில் ஒரு பலகையில் கட்டிப் பாதியளவு தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாயின் ஒரு முனையைத் துளையிட்ட கார்க்கில் செருகி டிப்ஸ்டிக் துளையில் பொருத்த வேண்டும், மறுமுனை திறந்திருக்கும். எஞ்சினைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் குழாயைக் கிள்ளிப் பிடித்திருப்பது கட்டாயம். மறந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும். வழக்கமான வேகத்தில் ஓடும்போது கிளிப்பைத் தளர்த்தி இரு பக்க மட்ட வேறுபாட்டை அளக்கலாம். ஆகும் செலவு சொற்பம். கிடைக்கும் தகவல் பெரிது.

எஞ்சின் பக்கத் தண்ணீர் 5 அங்குலத்துக்குக் குறையாமல் உயர்ந்து நின்றால் சுவாசம் நன்று. கசிவது உண்மையிலேயே அந்த உறுப்பின் குறைதான். தண்ணீர் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டால் ப்ரீதர் அடைப்பு அல்லது எரிவாயு இறக்கம். குழப்பமானது நடுநிலை: வேறுபாடே இல்லாமல் தண்ணீர் சமமாக நடுங்கிக்கொண்டிருப்பது. ரீட் சரியாக மூடவில்லை, அல்லது கெட்ட சீல் ஒன்றின் வழியே வெளிக்காற்று நுழைந்து வெற்றிடத்தைத் தின்கிறது. இங்கே சீல் குற்றவாளியாகவும் இருக்கலாம், பாதிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். முதலில் ப்ரீதரைத் துப்புரவு செய்து, ரீட் வளையாமல் தட்டையாக அமர்கிறதா என்று பார்த்து மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் பூஜ்யம் என்றால், எஞ்சினை நிறுத்தி, ப்ரீதரை அடைத்து, மிகமிக மெல்லிய காற்றை உள்ளே செலுத்திச் சீல்களின்மேல் சோப்புநீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பட்டறைக் கம்ப்ரஸரின் முழு அழுத்தத்தைத் திறந்துவிட்டால் நல்ல சீலும் பிதுங்கிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எரிவாயு இறக்கத்தை அறியப் பலர் கம்ப்ரஷன் மீட்டரை எடுப்பார்கள். கே வரிசையில் அது ஏமாற்றும். எளிதாகச் சுற்றுவதற்காக, தொடக்க வேகத்தில் எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே திறந்து வைக்கும் தானியங்கி அமைப்பு கேம் தண்டில் உண்டு. நல்ல எஞ்சினும் குறைந்த அளவே காட்டும். பிஸ்டனை உச்சியில் நிறுத்திக் காற்றைச் செலுத்தி, எவ்வளவு கசிகிறது, எங்கே சீறுகிறது என்று கேட்கும் சோதனையே இங்கே செல்லும். ப்ரீதரில் சீறினால் ரிங். சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு.

6. சீரமைப்பு

வரிசை முக்கியம்: எண்ணெய் மட்டமும் தரமும், ப்ரீதர், போல்ட்டுகள், கேஸ்கட்டுகள், கடைசியாகச் சீல்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சீல் என்பது காசு கொடுத்து வாங்கக்கூடிய பொருள். ப்ரீதரைக் கழுவுவதற்கு வாங்க ஒன்றுமில்லை என்பதாலோ என்னவோ.

கேஸ்கட்டுகளில் கவனிக்க வேண்டியது பேரிங் தட்டின் கேஸ்கட். ஃப்ளைவீல் பக்கத்தில் கிராங்க் தண்டைத் தாங்கும் இத்தட்டுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையிலுள்ள காகிதக் கேஸ்கட் எண்ணெயைத் தடுப்பதோடு நிற்பதில்லை. அதன் தடிமன்தான் தண்டின் நீளவாட்டு ஆட்டத்தை நிர்ணயிக்கிறது. பெரிய கே எஞ்சின்களில் இந்த ஆட்டம் 0.003 முதல் 0.020 அங்குலம் வரை இருக்கலாம். கேஸ்கட்டை எடுத்துவிட்டு சிலிகான் பசையைப் பிதுக்கித் தட்டை இறுக்கினால் கசிவு நிற்கும், கூடவே தண்டும் இறுகும். பேரிங்குகள் சூடேறி அழியும். சிலிகான் பசை கெட்ட பொருளன்று. பேன் விளிம்பில், கவர்னர் துளையருகே மெல்லியதாகப் பூசினால் நன்றாக உழைக்கும். ஆனால் தடிமன் கணக்கில் வரும் இடங்களில் அதற்கு வேலையில்லை. தகட்டுப் பேன் என்றால் போல்ட் துளைகளைச் சுற்றி விளிம்பு உட்குழிந்திருக்கும். சமமான இரும்புப் பாளத்தில் வைத்துத் தட்டி நிமிர்த்தாமல் எந்தக் கேஸ்கட் வைத்தாலும் ஒழுகும். கார்க் கேஸ்கட்டை மேலும் மேலும் இறுக்குவது அதைப் பிதுக்கி வெளியேற்றும் வழி.

இனி சீல். சுழலும் தண்டுக்கான இன்றைய உதட்டுச் சீலின் முன்னோடி 1930-களில், ஜெர்மனியின் வெயின்ஹைமில் இருந்த ஃப்ராய்டன்பெர்க் என்ற தோல் பதனிடும் நிறுவனத்தில், ஆஸ்திரியப் பொறியாளர் வால்தர் சிம்மர் பெயரோடு பிறந்தது. முதலில் தோல், பிறகு செயற்கை ரப்பர். உதட்டின் இரு பக்கச் சரிவுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஓடும் தண்டின்மேல் அந்தச் சரிவு வேறுபாடு மயிரிழைப் படலமாக எண்ணெயை உள்நோக்கித் திருப்பியனுப்புகிறது. சுருள்கம்பி உள்ள பக்கம் எண்ணெயைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். மாற்றிப் பொருத்திய சீல் எண்ணெயை வெளியே இறைக்கும்.

பழைய வண்டிகளில் இருப்பவை நைட்ரைல் ரப்பர். ஏறத்தாழ 100 பாகை செல்சியஸைத் தாண்டி நெடுங்காலம் வெந்தால் கெட்டியாகி வெடிக்கும். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு ஃப்ளோரோ ரப்பர் சீல் கிடைத்தால் விலையைப் பார்க்காமல் வாங்கலாம். தயாரிப்பாளரின் பெட்டியில்தான் வர வேண்டும் என்பதில்லை. உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் ஆகிய மூன்றையும் அளந்து சென்றால் பேரிங் கடைகளிலேயே பெரும்பாலும் பொருத்தமானது கிடைக்கும்.

புல்லி இருக்கும் பக்கச் சீலை எஞ்சினைப் பிரிக்காமலே எடுக்கலாம். சீலின் தகட்டில் சிறு துளையிட்டு, திருகாணி இறக்கி இழுப்பது வழக்கம். இரும்புத்தூள் உள்ளே போகாதபடி துளைமுனையில் கிரீஸ் தடவிக்கொள்ள வேண்டும். ஃப்ளைவீல் பக்கத்துக்கு ஃப்ளைவீலைக் கழற்றியாக வேண்டும். அதற்குப் புல்லர்தான் கருவி, சுத்தியல் அன்று. எந்தப் பக்கமானாலும் ஸ்பார்க் பிளக் வயரை முதலில் பிடுங்கி ஒதுக்குவது உயிர்காப்பு.

பழைய சீலை எடுத்ததும் தண்டை நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். பல்லாண்டு ஓட்டத்தில் மென்மையான ரப்பர் உதடு எஃகில் பள்ளம் வெட்டியிருக்கும். இடையில் சிக்கிய தூசிதான் உண்மையில் வெட்டுவது. நகம் தட்டினால் புதுச் சீலும் அதே பள்ளத்தில் அமர்ந்து ஒழுகும். இடமிருந்தால் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னோ பின்னோ நிறுத்தி, உதடு புது இடத்தில் அமரச் செய்யலாம். அப்போது சீலுக்குப் பின்னாலுள்ள எண்ணெய் திரும்பும் துளை மறைந்துவிடக் கூடாது. இல்லையேல் எஸ்.கே.எஃப். விற்கும் மெல்லிய எஃகு உறையைத் தண்டின்மேல் ஏற்றலாம். அதன் சுவர் 0.28 மில்லிமீட்டர்தான் என்பதால் சீலின் அளவை மாற்ற வேண்டியதில்லை. தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பதும் இப்போதே. பேரிங் ஆடினால் எந்தச் சீலும் நிலைக்காது.

சாவிக்குழியின் கூர்விளிம்பு புதுச் சீலின் உதட்டைக் கிழிக்கும். அதன்மேல் நாடா சுற்றி, உதட்டில் கிரீஸ் தடவி, சமமாக அழுத்தி இறக்க வேண்டும். வறண்ட உதட்டோடு ஓட்டினால் தொடக்கத்திலேயே கருகிவிடும்.

‘கசிவு நிறுத்தி’ என்று புட்டியில் விற்கும் மருந்துகள் பழைய ரப்பரைச் சற்று ஊதிப் பெருக்கச் செய்கின்றன. பருவம் முடியும்வரை ஓட்ட வேண்டிய நெருக்கடிக்கு மட்டும் சரி. பள்ளம் விழுந்த தண்டையோ அடைபட்ட ப்ரீதரையோ அவை ஒன்றும் செய்வதில்லை.

7. பின்பகுதி

கியர்ப்பெட்டியில் எண்ணெய் மட்டம் அச்சுத் தண்டை ஒட்டியே நிற்பதால் அங்கே நிற்கும்போதும் கசியும். சக்கரத்தின் உள்பக்கம் கறுத்து நனைந்திருப்பது அடையாளம். இங்கும் காற்றின் பங்கு உண்டு. வேலை செய்து சூடேறும் பெட்டிக்குள் காற்று விரிகிறது. மூச்சுத்துளை திறந்திருந்தால் வெளியேறும். அந்தத் துளையில் குளவி மண் கூடு கட்டியிருந்தால் அச்சுச் சீல்தான் மூச்சுத்துளையாகிறது. அமெரிக்கக் கொட்டகைகளில் குளவிகளுக்குப் பஞ்சமில்லை.

வீல் ஹார்ஸின் கியர்ப்பெட்டிக்கு வேறொரு நோய். கியர் கம்பியின் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்தால் மழைநீர் கம்பி வழியே உள்ளே இறங்குகிறது. எண்ணெய் பால்விட்ட காபியின் நிறத்துக்கு மாறுகிறது. மட்டம் ஏறிச் சீல்களைத் தாண்டுகிறது. அப்படியே வெளியில் விட்டுவைத்தால் அடியில் தங்கிய நீர் நடுமேற்கின் குளிரில் உறைந்து, பெட்டியையே பிளக்கவும் கூடும். சீலை மாற்றும் செலவுக்கு முன் கியர் கம்பியின் ரப்பர் உறையைப் பார்க்க வேண்டும்.

ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டிகளில் என் வாதம் பாதிதான் செல்லும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சண்ட்ஸ்ட்ராண்ட் டிரான்ஸ்மிஷன் உள்ள கப் கேடட்டிலும் ஜான் டியர் 140-இலும் எண்ணெயைத் தள்ளும் பம்பு உண்மையாகவே இருக்கிறது. அங்கே கசிவு உள்ளீட்டுத் தண்டுச் சீலிலும், கட்டுப்பாட்டுத் தண்டின் ஓ-ரிங்கிலும், தூக்கி சிலிண்டருக்குப் போகும் குழாய் இணைப்புகளிலும் வரும். நுண்ணிய துளையிலிருந்து பீறிடும் ஹைட்ராலிக் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது அறுவை சிகிச்சை வேண்டும் காயம். கையால் தடவிக் கசிவு தேடவே கூடாது, அட்டைத்துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும். இவ்வமைப்புக்குத் தூசியே எமன் என்பதால் திறக்குமுன் சுற்றுப்புறம் முழுவதையும் கழுவுவது எஞ்சினில் செய்வதைவிட இங்கே கட்டாயம்.

8. விட்டுவைக்கத் தகுந்தவை

எல்லாக் கசிவையும் நிறுத்தத்தான் வேண்டுமா? பேன் விளிம்பில் தூசி ஒட்டும் அளவுக்கு ஈரம், ஆனால் சொட்டு விழவில்லை என்றால் துடைத்துவிட்டுப் போகலாம். அதற்காக எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்குவது ஆர்வத்தின் விளைவு, தேவையின் விளைவன்று. கீழே சொட்டுகிறது, ஆனால் டிப்ஸ்டிக்கில் ஒரு நாள் வேலைக்கு மாற்றம் தெரியவில்லை என்றால் பருவம் முடிந்து குளிர்காலத்தில் பார்க்கலாம். ஒரு நாள் புல்வெட்டலில் மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்கினாலோ, ஃப்ளைவீல் பக்கம் கசிந்து சிறகுகளில் பூசினாலோ, எண்ணெயில் பெட்ரோல் வாடை வந்தாலோ அன்றே வண்டியை நிறுத்த வேண்டும். புல்வெளியில் விழும் சொட்டு புல்லைக் கருக்கும். ஒரு முறை வடித்த பழைய எண்ணெய் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. வடித்ததை மண்ணில் ஊற்றாமல், உதிரிபாகக் கடைகளில் பெற்றுக்கொள்ளும் இடத்தில் சேர்ப்பது இந்த வேலையின் கடைசிப் படி.

இந்த வண்டிகளை வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை சீல் வாங்கக் கடைக்குப் போகுமுன், ஒரு பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஊற்றி டிப்ஸ்டிக் துளையில் மாட்டிப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு பிறகு ஸ்பேனரை எடுங்கள்.